கம்பியில்லா ஒலிவாங்கி வளர்ந்த வரலாறு

பேசுபவர் ஒருவர்; கேட்பவர் ஆயிரம் பேர். அந்த ஆயிரம் பேரில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரின் செவியிலும் சொல் தெளிவாக விழவேண்டும். கூத்து மேடை முதல் இன்றைய சங்க மண்டபம் வரை, மேடைக் கலையின் முதற்கவலை இதுவே. தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கோ இக்கவலை இன்னும் சற்றுக் கூடுதல். ஆண்டுக்கு ஒருமுறை பொங்கல் விழாவில் நாடகம் போடுகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம். வீட்டுக்கு வெளியே தமிழை அதிகம் கேட்க வாய்ப்பில்லாத நம் குழந்தைகள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வசனம் பாதியில் அறுந்துபோனால், அவர்கள் இழப்பது ஒரு வசனத்தை மட்டுமன்று.

இக்காலத்தில் அந்தக் குரலைச் சுமந்து செல்லும் கருவி, பெரும்பாலும் கம்பியில்லா ஒலிவாங்கியே. சட்டைப் பையில் அடங்கும் ஒரு சிறு பெட்டி, நெஞ்சருகே ஒரு மிளகளவு ஒலிவாங்கி, மேடையோரத்தில் அலைகளை ஏற்கும் ஒரு கருவி: பார்வைக்கு எளிமையாக இருக்கும் இவ்வமைப்பு வளர்ந்த வரலாற்றை அறிந்துகொண்டால், இதனை இயக்கும் முறையும் தானே விளங்கிவிடும். ஏனெனில் இதில் நாம் இன்று திருகும் ஒவ்வொரு குமிழும், கடைப்பிடிக்கும் ஒவ்வொரு வழக்கமும், முன்னொரு காலத்தில் நேர்ந்த ஏதோ ஒரு தோல்விக்குக் கண்ட மாற்று.

முதலில், கம்பி செய்துவந்த தொண்டு என்ன என்பதை எண்ணிப் பார்ப்போம். ஒலிவாங்கியில் பிறக்கும் மெல்லிய மின்னோட்டத்தைக் கம்பி சிதறாமல் கொண்டு சேர்க்கிறது. பேசுபவர் மேடையின் எந்த மூலைக்குச் சென்றாலும் அந்த மின்னோட்டம் குன்றுவதில்லை. ஒருவர் குரல் மற்றொருவர் குரலோடு வழியில் கலந்துவிடுவதும் இல்லை. அடுத்த மண்டபத்துக்குப் போய்விடுவதும் இல்லை. இத்தனை பணிகளையும் கம்பி ஓசையின்றிச் செய்துவந்தது. கம்பியை எடுத்தெறிந்தபோது, இப்பணிகள் ஒவ்வொன்றையும் வேறொன்றிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. அந்த ஒப்படைப்பின் கதையே இக்கருவியின் வரலாறு.

ஒலியை மின்சாரமாக மாற்றும் வித்தை பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொலைபேசியோடு பிறந்தது. 1878-ல் டேவிட் எட்வர்டு ஹியூஸ் என்பவர், தளர்வாகத் தொட்டுக்கொண்டிருக்கும் கரித்துண்டுகள் ஒலிக்கு ஏற்ப மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைப்பதைச் செய்து காட்டி, அக்கருவியை ‘மைக்ரோபோன்’ என்று அழைத்தார். கம்பியின்றி மனிதக் குரலை அனுப்பும் முயற்சியில் 1900-ம் ஆண்டு டிசம்பர் மாதம் வெற்றி கண்டவர் ரெஜினால்டு ஃபெஸன்டன். அமெரிக்காவில் பொட்டோமாக் ஆற்றிலுள்ள காப் தீவில், ஏறத்தாழ ஒரு மைல் இடைவெளியில் நிறுத்திய இரு கம்பங்களுக்கிடையே குரல் காற்றுவெளியில் சென்றது. பேச்சு இரைச்சலோடுதான் கேட்டது, ஆயினும் கேட்டது.

ஒலியைப் பெருக்கும் சாதனம் அடுத்து வந்தது. பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிடம் என்னும் இருவர் 1915-ல் கலிபோர்னியாவில் ஒலிபெருக்கியைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினர். 1919-ல் சான் டியேகோ நகரத்து விளையாட்டு அரங்கில் திரண்ட பெருங்கூட்டத்துக்கு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் அதன் வழியே உரையாற்றினார். அதுவரை தொண்டையின் வலிமையே தலைவர்களின் எல்லையாக இருந்தது. அவ்வெல்லை அன்று அகன்றது.

நம் நாட்டிலும் இவ்வலை விரைவில் எட்டியது. 1924-ல் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றி, அவ்வாண்டே ஒலிபரப்பத் தொடங்கிற்று. 1936-ல் அகில இந்திய வானொலி என்ற பெயர் ஏற்பட்டது. 1938 ஜூன் மாதம் சென்னை நிலையமும், 1939 மே மாதம் திருச்சி நிலையமும் திறக்கப்பெற்றன. பொதுக்கூட்டங்களில் ஒலிவாங்கி வழக்கமாயிற்று. காந்தியடிகளும் நேருவும் பேசும் அக்காலப் புகைப்படங்கள் பலவற்றில், அவர்கள் முன்னால் ‘சிகாகோ ரேடியோ’ என்ற எழுத்துகள் பொறித்த ஒலிவாங்கி நிற்பதைக் காணலாம். பெயர் அமெரிக்க நகரத்தினுடையதாயினும், அந்நிறுவனம் மோட்வானி குடும்பத்தாரால் இந்தியாவில் நடத்தப்பெற்றதே.

தமிழ் நாடக மேடையில் இம்மாறுதல் ஆழமானது. 1933-ல் இளமையிலேயே மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் காலத்தில், உச்ச சுருதியில் எட்டுக்கட்டைக் குரலெடுத்துப் பாடுவது அழகுக்காக மட்டுமன்று, தேவைக்காகவும்தான். கொட்டகையின் கடைசியில் தரை டிக்கெட்டில் அமர்ந்திருப்பவனுக்கும் பாட்டுப் போய்ச் சேரவேண்டுமே! ஒலிவாங்கி வந்தபின் தாழ்ந்த குரலில் நெகிழ்ந்து பாடவும், முணுமுணுப்பைப் போல ஒரு வசனத்தைச் சொல்லவும் இயன்றது. ஆனால் அவ்வுதவிக்கு ஒரு விலையும் இருந்தது. மேடைக்கு மேலே கயிற்றில் தொங்கும் ஒலிவாங்கியைத் தேடி நடிகர் வந்து நிற்கவேண்டும். அரசனும் மந்திரியும், காதலனும் காதலியும், எந்தக் காட்சியானாலும் அந்த ஓரடி வட்டத்துக்குள் கூடிநின்று பேசிவிட்டுப் பிரிவார்கள். குரல் விடுதலை பெற்றது, கால்கள் கட்டுண்டன.

அந்தக் கட்டை அவிழ்க்க முயன்ற முன்னோடிகளுள் ஒருவர் பனிச்சறுக்கு ஆட்டக்காரர் என்பது வியப்பன்று. ஆடும் களம் முழுவதும் வழுக்கிச் செல்பவர், எந்த ஒலிவாங்கியின் அடியில் போய் நிற்பார்? இங்கிலாந்தைச் சேர்ந்த ரெஜ் மூர்ஸ் 1947-ல் ஒரு சிறு கம்பியில்லா ஒலிவாங்கியை உருவாக்கினார். 1949-ல் பிரைட்டன் நகரில் நடந்த ‘அலாவுதீன்’ பனிச்சறுக்கு நாடகத்தில் அபனாசர் என்னும் மந்திரவாதியின் உடையில் அதைப் பொருத்தினார். கருவி நன்றாகவே இயங்கிற்று. எனினும் நாடகத்தார் அதைத் தொடர விரும்பவில்லை. மறைவில் நின்று பேசவும் பாடவும் வேறு ஆட்களை அமர்த்தி, ஆடுபவர்கள் ஆட்டத்தில் மட்டும் கருத்தைச் செலுத்தட்டும் என்று முடிவு செய்தனர். மூர்ஸும் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறவில்லை. அவர் பயன்படுத்திய 76 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அவரிடம் உரிமம் இல்லை என்பதே காரணம். அந்த முதற்கருவியை 1972-ல் அவர் லண்டன் அறிவியல் காட்சிசாலைக்கு அளித்தார். கம்பியை நீக்கியவுடன் சட்டமும் உடன் வந்து நிற்கிறது என்பதை இக்கதை தொடக்கத்திலேயே உணர்த்திவிடுகிறது.

ஐம்பதுகளில் முயற்சிகள் பெருகின. 1953-ல் ஷூர் நிறுவனம் மேடைக் கலைஞர்களுக்காக ‘வேகபாண்ட்’, அதாவது ‘நாடோடி’ என்னும் பெயரில் ஓர் அமைப்பை வெளியிட்டது. அந்நாடோடி திரியக்கூடிய பரப்பு ஏறத்தாழ 700 சதுர அடியே! 1957-ல் மேற்கு ஜெர்மனியில் சென்ஹைசர் நிறுவனம் வட ஜெர்மன் வானொலியோடு இணைந்து ஓர் அமைப்பைக் காட்சிக்கு வைத்தது. அடுத்த ஆண்டு முதல் அது ‘மைக்ரோபோர்ட்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 37 மெகாஹெர்ட்ஸில் இயங்கிய அக்கருவி ஏறத்தாழ 300 அடி தொலைவுவரை எட்டும் எனக் குறிக்கப்பட்டிருந்தது. அதே 1957-ல் அமெரிக்காவின் சான் ஹோசே அரசுக் கல்லூரியில் பணியாற்றிய ரேமண்ட் லிட்கே, வகுப்பறைக்கும் ஒளிபரப்புக்கும் உதவும் ஒலிவாங்கியை அமைத்தார். 1960-ல் அமெரிக்கக் கட்சிகளின் மாநாடுகளில் செய்தியாளர் கூட்டத்தினூடே நடந்து சென்று பேட்டி காண அது பயன்பட்டது. 1964-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

அவ்வாண்டே வெளிவந்த ‘மை ஃபேர் லேடி’ திரைப்படத்தில், முன்பே பதிவான பாட்டுக்கு வாயசைக்க மறுத்த நடிகர் ரெக்ஸ் ஹாரிசனின் கழுத்துப்பட்டியில் கம்பியில்லா ஒலிவாங்கி மறைத்து வைக்கப்பட்டது. படப்பிடிப்பில் இதனைக் கையாண்ட முதல் முயற்சி இதுவே என்று கூறுவர். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், பின்னணிப் பாடல் வருவதற்கு முந்திய நம் பேசும்படங்களில், நடிகர்கள் படக்கருவியின் முன் நின்றே பாடி நடித்ததை இங்கே நினைவு கூரலாம்.

இத்தனை முயற்சிக்குப் பின்னும் இக்கருவி நெடுங்காலம் நம்பிக்கைக்கு உரியதாகவில்லை. ஏன்? கம்பி விட்டுச் சென்ற பணிகளை ஏற்க ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

முதலாவது, அலைநீளத்தின் சிக்கல். 37 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ எட்டு மீட்டர். அதில் கால்பங்கு நீளமுள்ள ஏரியல் வேண்டுமென்றால் இரண்டு மீட்டர் ஆகும். அவ்வளவு நீளக் கம்பியை நடிகர் உடையில் எப்படி மறைப்பது? 600 மெகாஹெர்ட்ஸிலோ அலைநீளம் அரை மீட்டர்தான். ஏரியல் பன்னிரண்டரை சென்டிமீட்டரில் அடங்கிவிடும். ஆகவே காலப்போக்கில் கருவிகள் மேலும் மேலும் உயர்ந்த அலைவரிசைகளுக்கு ஏறின. ஆனால் உயர்ந்த அலைகளை மனித உடல் எளிதில் விழுங்குகிறது. ஏரியல் சுருண்டு வியர்வை படிந்த உடலோடு ஒட்டிக்கொண்டால் பாதி ஆற்றல் அங்கேயே போய்விடும்.

இரண்டாவது, எதிரொலித்த அலைகளின் சிக்கல். அலை நேராகவும் வருகிறது. சுவரிலும் இரும்புத் தூணிலும் பட்டுத் திரும்பியும் வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்தில் நடிகர் நின்றால், குரல் சட்டென்று மறையும். ஓரடி நகர்ந்தால் மீளும். இதற்குச் சிற்றலை வானொலிப் பொறியாளர்கள் முன்பே ஒரு வழி கண்டிருந்தனர். இரண்டு ஏரியல்களை இடைவெளி விட்டு நிறுத்தி, எதில் அலை வலுவாக இருக்கிறதோ அதைக் கருவி தேர்ந்துகொள்ளச் செய்வதே அவ்வழி. இன்று ஏற்புக்கருவியின் பின்னால் இரு கொம்புகள் நிற்பது அழகுக்காக அன்று.

மூன்றாவது, இரைச்சல். மெல்லிய குரலை அனுப்பினால் காற்றுவெளியின் சீறல் அதனை மூடும். உரத்த குரலை அனுப்பினால் ஒலி நொறுங்கும். 1976-ல் நேடி நிறுவனம் கொணர்ந்த முறை இதற்குப் பெரிதும் தீர்வாயிற்று. ஒலியின் ஏற்ற இறக்கத்தை அனுப்பும் முனையில் சுருக்கி, ஏற்கும் முனையில் மீண்டும் விரிப்பது அம்முறை. இதற்கிடையே, 1947 இறுதியில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டர், வெற்றிடக் குழாய்களை நீக்கி அனுப்பும் பெட்டியைச் சிறிதாக்கியிருந்தது. 1962-ல் அதே ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்டு செஸ்லர் இருவரும் உருவாக்கிய எலக்ட்ரெட் ஒலிவாங்கி, நெஞ்சில் செருகும் குட்டி ஒலிவாங்கிகளுக்கு வழி திறந்தது. 1979-ல் இங்கிலாந்துப் பாடகி கேட் புஷ், துணி மாட்டும் கம்பியை வளைத்துச் செய்த தாங்கியில் ஒலிவாங்கியைத் தலையில் அணிந்து, ஆடிக்கொண்டே பாடினார். நம் தெருக்கூத்துக் கலைஞர்கள் காலங்காலமாகச் செய்துவரும் அக்கலை, பெரிய அரங்குகளிலும் இயல்வதாயிற்று.

நான்காவது சிக்கலே மிகக் கடினமானது. ஒரே மேடையில் பத்துப் பேர் அணிந்தால் என்ன ஆகும்? 600, 601 மெகாஹெர்ட்ஸில் இரு கருவிகள் இயங்குவதாகக் கொள்வோம். அவ்விரு அலைகளும் மின்சுற்றில் கலக்கும்போது 599-லும் 602-லும் போலி அலைகள் தோன்றுகின்றன. மூன்றாமவரை ஒழுங்காக 602-ல் வைத்தோமானால், அவர் குரலோடு மற்றிருவரின் சிதைந்த குரலும் சேர்ந்துகொள்ளும். ஆகையால் சம இடைவெளி இங்கே ஆகாது. கணக்கிட்ட சமமற்ற இடைவெளிகளே வேண்டும். உற்பத்தியாளர் தரும் அலைவரிசைத் தொகுதிகள் இக்கணக்கின் பயனே. ஒரு தொகுதியிலிருந்து ஒன்றும், வேறொரு தொகுதியிலிருந்து மற்றொன்றும் எடுப்பது அக்கணக்கைக் கலைப்பதாகும்.

இனி, வெளியாருடன் பங்கிடும் பிரச்சினை. கம்பி நமக்குச் சொந்தம். காற்றுவெளி எல்லோர்க்கும் பொது. இந்தியாவில் 1885-ம் ஆண்டுத் தந்திச் சட்டமும், 1933-ம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் இப்பொதுச்சொத்தை ஆண்டுவந்தன. அவற்றுக்கு மாற்றாக 2023-ல் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. உலகெங்கும் செல்பேசி வளர வளர, ஒலிவாங்கிகளின் இடம் சுருங்கி வருகிறது. அமெரிக்காவில் 2010-ல் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையிலிருந்தும், 2020-ல் 600 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதியிலிருந்தும் ஒலிவாங்கிகள் வெளியேற்றப்பட்டன. நம் நாட்டில் 2022-ல் நடந்த ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையைச் செல்பேசி நிறுவனம் வாங்கியது. எனவே உறவினர் வெளிநாட்டிலிருந்து அன்போடு கொண்டுவந்த பழைய கருவி நல்ல நிலையில் இருந்தாலும், அதன் அலைவரிசை இங்கே ஒருவருக்கு உரியதாக இருக்கக்கூடும். வாங்குமுன் கருவியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டைப் படித்து, அப்பட்டைக்கு நம் நாட்டில் அனுமதி உண்டா என்று கேட்டறிவது நம் கடமை. 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் எண்முறைக் கருவிகளைக் குறைந்த ஆற்றலில் உரிமமின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் வைஃபையும் புளூடூத்தும் அதே தெருவில்தான் குடியிருக்கின்றன.

இவ்வளவும் அறிந்தபின், 1946-ல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கமாயினும், 1950-ல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கமாயினும், 1963-ல் திறந்த பம்பாய் சண்முகானந்தா அரங்கமாயினும், நம் குடியிருப்பின் சிறு கூடமாயினும், கருவியை அமைக்கும் முறை ஒன்றே என்பது விளங்கும்.

ஏற்புக்கருவியை மேடையைப் பார்த்த இடத்தில், இடுப்புயரத்துக்கு மேல் வைத்தல் வேண்டும். இரும்பு அலமாரிக்குள்ளோ, ஒலிபெருக்கிகளின் பின்னோ வைத்தலாகாது. இரு ஏரியல்களையும் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல் விரித்து நிறுத்துதல் நலம். அனுப்பும் கருவிகள் அனைத்தையும் அணைத்துவிட்டு, ஏற்புக்கருவியில் மண்டபத்தை அலசிக் காலியான அலைவரிசைகளைக் காணவேண்டும். பின் ஒவ்வொன்றாக இயக்கி, ஒன்றையொன்று கெடுக்கிறதா என்று கேட்கவேண்டும்.

அடுத்து ஒலியளவு. “ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ” என்று சாவதானமாகச் சொல்லிப் பார்ப்பது போதாது. கட்டபொம்மனாக நடிப்பவர் தம் உச்சமான வசனத்தை முழுக்குரலில் சொல்லட்டும். அப்போதும் ஒலி நொறுங்காத அளவில் அனுப்பும் கருவியின் குமிழை நிறுத்தவேண்டும். நெஞ்சு ஒலிவாங்கி மோவாய்க்கு ஒரு சாண் கீழே, பட்டும் சரிகையும் உராயாத இடத்தில் இருத்தல் வேண்டும். பெட்டியின் ஏரியல் தொங்கட்டும். மடித்துச் செருகுதல் கூடாது. கையில் பிடிக்கும் ஒலிவாங்கியில் ஏரியல் பெரும்பாலும் அடிப்பகுதியில் இருக்கிறது. அதனை மூடிப் பிடிப்பதும், தலைப்பகுதியைக் கையால் பொத்துவதும் தவறு. முன்னது அலையை அடைக்கும். பின்னது ஒலிபெருக்கியை ஊளையிடச் செய்யும்.

அதன்பின் ஒருவர் பேசிக்கொண்டே மேடை முழுவதும் நடக்க, மற்றொருவர் மண்டபத்தில் இருந்து கேட்கவேண்டும். குரல் மறையும் இடம் இருந்தால் ஏரியலை மாற்றி வைக்கவேண்டும். காலி மண்டபத்தில் நன்றாக இருந்த ஒலி, மக்கள் நிறைந்தபின் சற்றுக் குன்றுவது இயல்பு. உடல்கள் அலையை விழுங்கும் என்று முன்பே கண்டோமல்லவா? இறுதியாக, பாட்டரி. கம்பி இருந்தபோது மேடையில் நிற்பவர் மின்சாரத்தைப் பற்றி எண்ணியதில்லை. இப்போது அதை அவர் உடலில் சுமக்கிறார். நிகழ்ச்சி தொடங்குமுன் புதிய பாட்டரியோ, முழுதும் மின்னேற்றியதோ இடவேண்டும். நேற்று ஒத்திகையில் மிஞ்சியதை நம்புதல் கூடாது.

இவையனைத்தையும் செய்தபின்னும், கம்பியுடன் கூடிய ஒலிவாங்கி ஒன்றை மேடையோரத்தில் ஆயத்தமாக வைத்திருப்பது அனுபவமுள்ளோர் வழக்கம். முக்கால் நூற்றாண்டாகப் பொறியாளர்கள் உழைத்தது, கம்பி தரும் அந்த உறுதியை எட்டிப் பிடிக்கத்தான். ஏறத்தாழ எட்டிவிட்டார்கள்; ஆயினும் காற்றுவெளி என்றும் பொதுவானதே, அதில் எந்தக் கணத்தில் யார் வந்து சேர்வர் என்று சொல்வதற்கில்லை.

தொங்கும் ஒலிவாங்கியின் அடியில் அன்று கூடிநின்ற நடிகர் இன்று மேடை முழுவதும் உலவுகிறார். அவர் விரும்பிய இடத்தில் நின்று, விரும்பிய தொனியில் பேசலாம். அந்த உரிமையை அவருக்கு அளிப்பது கருவி மட்டுமன்று. திரை உயர்வதற்கு இரண்டு மணி முன்னதாக வந்து, அலைவரிசையைத் தேடி, மேடையை நடந்து பார்த்து, பாட்டரியை மாற்றிவைக்கும் ஒருவரும் சேர்ந்தே அளிக்கிறார். நம் சங்கங்கள் ஒவ்வொன்றிலும் அத்தகைய ஒருவரைப் பழக்கிவைப்போமாயின், கடைசி வரிசைக் குழந்தையின் செவியிலும் தமிழ் தடையின்றிச் சென்று சேரும்.